சனிக்கிழமைக் குளியலும் என் இடது கண்ணும்

சின்ன வயதில் எனக்கு மூக்கு ஒழுகாத நாளே கிடையாது. மஞ்சள் மஞ்சளாக, நாற்றத்தோடு ஒழுகும். குனிந்தால் நெற்றி விண்விண்ணென்று தெறிக்கும். வகுப்பில் என் பக்கத்தில் ஒருத்தியும் உட்கார மாட்டாள். ஆனால் காரைக்கால் பக்கம் எங்கள் ஊரான தலத்தெருவில் எந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் மூக்கு ஒழுகவில்லை? டாக்டரிடம் போக அதெல்லாம் ஒரு வியாதியா என்ன! "கெட்ட நீரு வெளிய போவுது, போவட்டும்" என்பாள் அம்மா.

எழுபதுகளின் கடைசியில், ஓர் ஐப்பசி மாதம், காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. ஜாதகம் பார்த்தவர் எனக்கு ஏழரைச் சனி என்றார். அவ்வளவுதான், அம்மா பிடித்துக்கொண்டாள். சனிக்கிழமை தவறாமல் விடிகாலை பஸ்ஸில் திருநள்ளாறு. தலை நிறைய நல்லெண்ணெய் வைத்து, குளத்தில் முங்க வைப்பாள். உடுத்தியிருந்ததை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். நான் அழுததெல்லாம் பாவாடை போச்சே என்றுதான்.

அப்படிக் குளித்துவிட்டு வந்த மறுநாள் இடது கண் வீங்கிவிட்டது. இமையைப் பிரிக்க முடியவில்லை. அப்பா பயந்துபோய், "டாக்டர்ட்ட காட்டிடுவோமே" என்றார்.

"நீங்க சும்மா இருங்க. சனி வெளகப் போவுது, அதான் போட்டுப் படுத்துது. ஊசி கீசின்னு போயி கெடுத்துடாதீங்க. வர்ற சனிக்கெழம ஒரு முழுக்குப் போட்டா சரியாயிடும்."

அப்பாவும் அம்மா சொன்னபடி விட்டுவிட்டார். அந்தச் சனிக்கிழமை வருவதற்குள் கண்முழி வெளியே பிதுங்கி, வாந்தி எடுத்து, என் பேச்சு குழறத் தொடங்கியது. அப்பா இந்தத் தடவை அம்மாவைக் கேட்கவில்லை. என்னைத் தோளில் போட்டுக்கொண்டு காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அம்மா பின்னாலேயே ஓடி வந்தாள்.

பரிசோதித்த டாக்டரம்மாவிடம் அம்மா குளியலைப் பற்றிச் சொன்னாள்.

"கொளத்துல முங்குனதால இது வரலைங்க. மூக்குச் சளிய இத்தன நாளா கவனிக்காம விட்டிருக்கீங்க. உள்ள சீழ் புடிச்சு கண்ணுக்குப் போயிருக்கு. மூளைக்குப் போறதுக்குள்ள பாண்டிக்குக் கொண்டு போங்க."

பாண்டியில் மூக்கோரம் கீறிச் சீழை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டேன். கட்டைப் பிரித்த அன்று வலது கண்ணைப் பொத்தி, என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். விளக்கைக் கிட்டே கொண்டுவந்தும் கேட்டார்கள். ஒன்றுமே தெரியவில்லை.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா, "உசுருக்கு வந்தது கண்ணோட போச்சு, சனி வுட்டுட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நாள் எல்லார் எதிரிலும், "சனி எடுக்கல, நீதாம்மா எடுத்த!" என்று கத்தினேன். இன்றைக்கும் அதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம் அம்மா சனியின் பேச்சையே எடுக்கவில்லை. தெருவில் இறங்கினால் மட்டும், வண்டி வருவது எனக்குத் தெரியாது என்று, இடது பக்கமாக வந்து கையைப் பிடித்துக்கொள்வாள். எனக்குக் கல்யாணமான பிறகும் அப்படித்தான். அந்தப் பக்கம் நடந்தால் அவள் முகம் எனக்குத் தெரியாது. அழுகிறாள் என்பது அவள் கையிலிருந்துதான் தெரியும்.