சந்தனம் வைத்த சவரக்கத்தி

பழைய சவரக்கத்தி வாங்குகிறவனை யாரும் மதிக்க மாட்டார்கள். மதிப்பார்கள் என்று நினைத்து நானும் வாங்கவில்லை. பகல் முழுக்க லேத் பட்டறையில் நின்று, கேட்டதையெல்லாம் கடைந்து கொடுத்துவிட்டு வருகிறவனுக்கு, தன் இஷ்டத்துக்குச் செய்ய ஒரு வேலை வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

நான் சொல்வது பாதி பிளேடை ஒடித்து மாட்டுகிற இப்போதைய சலூன் கத்தி இல்லை. பிடிக்குள் மடங்கும் பழைய கத்தி. முழு இரும்பு. தீட்டித் தீட்டித்தான் பயன்படுத்த வேண்டும். பழைய இரும்புக்கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை உருப்படாதவை. எவனோ சாணைச் சக்கரத்தில் வைத்துச் சூடேற்றி நீலம் பாய வைத்திருப்பான். எவனோ சணல் அறுத்துப் பல் பல்லாக ஆக்கியிருப்பான். நம் ஆட்களுக்கு ஒரு பொருளை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாது. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

நல்ல கத்தி ஒன்று சமயநல்லூர் ரோட்டோரக் கடையில் கிடைத்தது. பழைய பூட்டுகள் கிடந்த டப்பாவிலிருந்து கடைக்காரர் எடுத்து நீட்டினார்.

"ஜெர்மன் சாமான்ணே."

"எப்படித் தெரியும்?"

"துருவைப் பாருங்க. நம்மூருத் துரு மாதிரியா இருக்கு?"

சிரிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. நகத்தால் சுண்டிப் பார்த்தேன். விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போகும். இது கணீரென்றது. வாங்கிவிட்டேன்.

அந்த ஒரு கத்திக்கு மாதக்கணக்கில் வேலை. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளில் கையால் தேய்க்க வேண்டும். மெஷினில் பிடித்தால் சூடேறி இரும்பு கெட்டுவிடும். கொம்புப் பிடியைப் பூச்சி அரித்திருந்தது. வேறு பிடி செய்து, பித்தளைக் கம்பியைக் கடைந்து ஆணி போட்டேன். பிறகு கல்லில் தீட்டுவது, பிறகு தோல் வாரில் இழுப்பது. தோள்பட்டை விட்டுப்போகும். ஒரு வழியாகப் புறங்கை முடியைத் தொட்டதும் அறுக்கும் பதம் வந்தது. ஆயுத பூஜை விடுமுறையில் அதைக்கொண்டு முதல் சவரம் செய்துகொள்வது என்று வைத்திருந்தேன்.

வீட்டில் இதற்கு இடமில்லை. "எந்தச் சாவுக்கு எவன் தலையை மழிச்சதோ, அடுப்படிப் பக்கம் கொண்டாராதீங்க" என்று என் மனைவி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். மாடிப்படிக்கு அடியில் ஒரு பலகை போட்டு, கத்திகளையெல்லாம் அங்கே வைத்துக்கொண்டேன். அவள் அந்தப் பக்கம் கூட்டக்கூட வரமாட்டாள்.

பூஜைக்கு முந்தின நாள் அவள் தம்பி கீழக்குயில்குடியிலிருந்து வாழையிலை கொண்டுவந்தான். கொல்லையில் நாலு வாழை வைத்திருக்கிறான், அதற்கே பேச்சு தாங்காது. நான் கத்தியை வாரில் இழுத்துக்கொண்டிருந்தேன்.

"மச்சான், ஒரு நாற்காலியும் கண்ணாடியும் வாங்கித் தாரேன். வண்டியூர் தெப்பக்குளத்துக் கரையில போட்டு உக்காருங்க. மொதக் கிராக்கி நான்தான்."

"வா மாப்ள. மூஞ்சியோட சேத்து வாயையும் வழிச்சு விடுறேன்."

"வெளையாட்டு இல்ல மச்சான். நாமெல்லாம் தொடுற சாமானா இது? சொந்தக்காரன் பாத்தா என்ன நெனைப்பான்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒன் கழுத்துல கத்தி வைக்கிறானே சலூன்காரன், அவன் கடையில உக்காந்துக்கிட்டு இதச் சொல்லு. அப்ப நீ ஆம்பள."

அவன் ஈயென்று இளித்துவிட்டுப் போனான். மனைவி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும்.

மறுநாள் பட்டறையில் பூஜை முடித்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். முன்னறையில் இலை விரித்து எல்லாம் வைத்திருந்தாள். அவளுடைய தையல் மெஷின், அரிவாள்மனை, மகள் லேப்டாப், என் அளவுகோல்கள். நட்ட நடுவில் என் சவரக்கத்திகள், எல்லாம் திறந்தபடி. ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம். சமயநல்லூர் கத்தியில் மட்டும் அலகு முழுக்க, விளிம்பு வரைக்கும், கெட்டியாக ஈரச் சந்தனம். அதுதான் எனக்குப் பிடித்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

பட்டறையில் மெஷினுக்கு முதலில் எண்ணெய் போட்டுவிட்டுத்தான் பொட்டு வைப்போம். அதுவும் பெயின்ட் அடித்த இடத்தில்தான். வெட்டுகிற முனையில் எவனும் ஈரம் வைக்கமாட்டான். இந்த இரும்பு ஈரத்தை ஒரு ராத்திரி தாங்காது. பூஜையில் வைத்ததையோ மறுநாள் காலையில் சாமி கும்பிட்ட பிறகுதான் எடுக்க வேண்டும்.

தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு குனிந்தேன். பூஜைக்கு வந்து, சூடம் காட்டுமுன்பே எதிரே உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்த மச்சினன் கேட்டான்.

"என்ன மச்சான், சாமிக்கே சவரம் பண்ணப் போறீகளா?"

நான் வாயைத் திறக்குமுன் அவள் திரும்பினாள். "டேய், எந்திரி. சுண்டலைக் கீழ வச்சுட்டு வந்து கும்பிடு. இது எங்க வீட்டு ஆயுதம். எம் புருசன் கையால செஞ்சது. கும்பிட இஷ்டமில்லைன்னா ஒனக்கு இங்க பொங்கல் கெடையாது."

அவன் முழித்தான். பிறகு எழுந்து வந்து என் கத்திகளுக்கு முன்னால் கைகூப்பி நின்றான். அவள் சூடம் காட்டினாள். அவள் முகத்தைப் பார்த்தேன். இப்போது நான் சந்தனத்தைத் துடைத்தால், அவள் செய்தது தப்பு என்று தம்பி முன்னால் சொன்ன மாதிரி ஆகிவிடும். துடைக்காவிட்டால் கத்தி போய்விடும். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பொங்கல் இறங்கவில்லை.

காலையில் சாமி கும்பிட்டுவிட்டு எடுத்தேன். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. துடைத்தால் அடியில் பழுப்பு. அலகெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரிப் புள்ளிகள். விளிம்பில், நடுவிலே, இரண்டு குழி. எடுத்துச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

அவள் காப்பி கொண்டுவந்தாள். "என்னங்க அது?"

"துரு. ஈரம் ஆகாது இதுக்கு."

"நேத்தே சொல்றதுக்கென்ன?"

"ஒந் தம்பி முன்னாடியா?"

அவள் கத்தியை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் தையல் மெஷின் எண்ணெயைக் கொண்டுவந்து, படிக்கட்டில் உட்கார்ந்து மற்றக் கத்திகளைத் துடைக்க ஆரம்பித்தாள். விரலை அறுத்துக்கொள்வாள் என்று பயமாக இருந்தது. சொன்னால் அதற்கும் சண்டை வரும்.

மத்தியானம் வரை கல்லில் தேய்த்தேன். ஒரு குழி போனது. இன்னொன்று ஆழம். அதைப் போக்குவதென்றால் கத்தியில் பாதியைத் தேய்த்துத் தீர்க்க வேண்டும். அதற்கு என்னிடம் தோளும் இல்லை, மனசும் இல்லை. நுரை போட்டு, இருக்கிறபடிக்கே முகத்தில் வைத்தேன். கன்னத்தில் நன்றாகப் போனது. தாடை வளைவில் குழி மாட்டிக் கிழித்துவிட்டது.

அவள் படிகாரக் கட்டியை நனைத்துக் கொண்டுவந்து அழுத்தினாள்.

"எரியுதா?"

"எரியாம?"

"எரியட்டும். நேத்து வாயத் தொறந்திருந்தா இது எதுக்கு?"