எந்தப் படத்துப் பாட்டு?

பம்மலில் மூடிப்போன ஒரு தோல் கம்பெனியின் பின்கட்டில்தான் நாங்கள் நாலு பேரும் வாசிப்போம். பாடுகிறவள், கிட்டார்காரன், டிரம்ஸ்காரன், பேஸ் கிட்டார் நான். வரி, மெட்டு எல்லாம் எங்களுடையது. எதிரே டீக்கடை வைத்திருந்த அண்ணன் ஒருநாள் ஒரு முழுப் பாட்டையும் நின்று கேட்டுவிட்டு, "இன்னா படம்பா இது?" என்றார்.

"படமில்லண்ணா, சொந்தப் பாட்டு."

"அப்போ இன்னும் பாட்டே ஆவல" என்று சொல்லிவிட்டு கிளாஸ் கழுவப் போனார். அந்தச் சொல்லை ரொம்ப நாள் வாயில் போட்டு மென்றேன். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

போகிற இடமெல்லாம் அதே கேள்விதான். சேலையூரில் ஒரு பிறந்தநாள் விழாவில் இரண்டாவது பாட்டுக்குள்ளேயே 'சினிமா பாட்டு ப்ளீஸ்' என்று துண்டுச் சீட்டு வந்துவிட்டது. இணையத்தில் ஏற்றிய பாட்டை நாங்களே மாற்றி மாற்றிக் கேட்டு எண்ணிக்கையைக் கூட்டினோம். வெட்கமாகத்தான் இருந்தது. வேறு யார் கேட்பார்கள்?

போன வருஷம் டிரம்ஸ்காரனுக்கு அவன் அப்பா கேம்ப் ரோட்டில் ஒரு டைல்ஸ் கடையில் வேலை பேசி முடித்துவிட்டார். திங்கட்கிழமை சேரவேண்டும்.

"ஞாயித்துக்கெழம கூடுவாஞ்சேரி புரோகிராம்தான் கடைசி மச்சான். முன்னபின்ன தெரியாத ஒரே ஒரு ஆளு, நம்ம பாட்ட மறுபடி கேக்கணும்னு சொல்லட்டும். அப்பாகிட்ட சண்ட போடுறேன்."

அவன் போனால் பேண்ட் அவ்வளவுதான்.

கூடுவாஞ்சேரியில் நடந்தது மனை விற்பனை. இலவச வேனில் ஆட்களை அழைத்து வந்து ஷாமியானாவில் உட்கார வைத்திருந்தார்கள். பிரியாணி வரும்வரை கூட்டம் கலையாமல் பிடித்துவைப்பது எங்கள் வேலை. முதல் பாட்டுக்கு ஒரு தலைகூடத் திரும்பவில்லை. மனை விற்கிறவர் மைக்கைப் பிடுங்கினார்.

"அடுத்து, விரைவில் திரைக்கு வரும் ஒரு படத்திலிருந்து சூப்பர் பாட்டு!" எங்கள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "பேஜார் பண்ணாம வாசிங்க தம்பி."

வாசித்தோம். தலைகள் திரும்பின, போன்கள் உயர்ந்தன. முன்வரிசையில் ஒரு அம்மா, "ஹீரோ யாருப்பா?" என்று பக்கத்தில் விசாரித்தார். பொய்யோ கிய்யோ, கேட்கிறார்களே, இப்படியே முடியட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. பாடுகிறவளும் கண்ணை இறுக மூடிக்கொண்டு பாடினாள்.

பாதியில் தாளம் நின்றது. மேடையில் வாயே திறக்காத டிரம்ஸ்காரன் எழுந்து வந்து மைக்கைப் பிடித்தான்.

"படம்லாம் ஒண்ணுமில்லீங்க. இது எங்க பாட்டு. நாங்களே போட்டது."

போன்கள் இறங்கின. "அதான பாத்தேன்" என்று யாரோ சிரித்தார். அந்த நேரம் பார்த்துப் பிரியாணி அண்டாவையும் திறந்தார்கள். நாற்காலிகள் காலியாயின. "வாய வச்சுகினு சும்மா இருக்க மாட்டியா நீ?" என்று மனைக்காரர் கத்தினார். டிரம்ஸ்காரன் திரும்பிப் போய் உட்கார்ந்து, குச்சிகளைத் தட்டி, பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தான். காலி நாற்காலிகளைப் பார்த்தபடி முழுசாக வாசித்தோம். பாடினவள் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. அவள் நிறுத்தவில்லை.

முடிந்ததும் ஒரு அக்கா மேடையருகே வந்தார். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"படம் பேரு இல்லன்னா போன்ல எப்படித் தேடுறது தம்பி? இன்னொரு வாட்டி கேக்கணும்."

டிரம்ஸ்காரன் அவர் போனை வாங்கி, பேண்ட் பெயரை அவனே தட்டினான். அழித்து அழித்துத் தட்டினான்.

சாமான்களை வண்டியில் ஏற்றும்போது கேட்டேன். "அப்பாகிட்ட சண்ட போடுவியா?"

"போடுவேன். தோத்துருவேன் மச்சான்." டிரம்ஸ் உறையின் ஜிப்பை இழுத்து மூடினான். "ஞாயித்துக்கெழம மட்டும் லீவு கேட்டுப் பாக்கறேன்."

டைல்ஸ் கடைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வியாபாரமே. அது அவனுக்கும் தெரியும்.

"கேளு" என்றேன்.