கையெழுத்து வாங்காத கூட்டம்

போன மாதம் திருவொற்றியூர் தேரடியில் ஒரு கட்சிக் கூட்டம். அங்கேதான் எனக்கு அந்த யோசனை தட்டியது. அதுவரை வேர்க்கடலை உரித்துக்கொண்டு ஊர்க்கதை பேசிய ஜனம், பேச்சாளர் ஒரே எழுத்தில் ஆரம்பிக்கும் சொற்களை அடுக்கத் தொடங்கியதும் சட்டென்று வாயை மூடியது. ஓகோ, இதுதானா சூட்சுமம்! பி.யூ.சி. படிக்கிறவனுக்கு இது வராதா?

பத்தே நாளில் வாய்ப்பு வந்தது. அதை வாய்ப்பு என்று நினைத்தேனே, அதைச் சொல்லவே கூசுகிறது. ராயபுரத்தில் எங்கள் எதிர்வீட்டு மாமா, துறைமுகத்தில் இரும்புக்கட்டு விழுந்து இறந்துபோனார். 'அன்னிக்கி அவன் வேலைக்கே வரலை' என்று மேஸ்திரி ஒரே சாதிப்பு. கூட வேலை செய்த நாலு பேர் மனுவில் கையெழுத்துப் போட்டால், அத்தைக்குத் துறைமுகத்தில் பெருக்குகிற வேலையாவது கிடைக்கும். அதற்காகத்தான் தெருமுனையில் இரங்கல் கூட்டம். விஷயத்தைச் சொல்லி மனுவை நீட்ட வேண்டியது நான்.

மைக்கைப் பிடித்தேன். "கரையில் பிறந்தவர்! கப்பலைச் சுமந்தவர்! கயிற்றில் உழைத்தவர்! கண்ணீரில் நம்மைக் கரைத்தவர்!"

கைதட்டல். விசில். "மாமு, இன்னொரு தபா சொல்லு!" என்றது ஒரு குரல். இரங்கல் கூட்டத்தில் இன்னொரு தபா! சொன்னேன். அடுத்து 'ம'வுக்குப் போனேன். மூச்சு வாங்க இறங்கியபோது நாலு பேர் முதுகில் தட்டினார்கள். கூட்டம் கலைந்தது.

பெஞ்சு ஓரத்திலிருந்து அத்தை எழுந்து வந்தார்.

"நல்லாத்தான் பேசின நைனா. எல்லாரும் உன்னையே பாத்துகினு இருந்தாங்க." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "அவரு அன்னிக்கி வேலைக்கி போனாருன்னு மட்டும் நீ சொல்லவே இல்லியே."

சட்டைப் பையில் மனு மடித்தபடியே இருந்தது. மாமாவோடு கட்டுத் தூக்கியவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அவர்களும்தான் கைதட்டினார்கள். தட்டவைத்தவன் நான். அத்தையின் முகத்தைப் பார்க்க முடியாமல் பெஞ்சுகளைத் தூக்கி அடுக்கத் தொடங்கினேன்.

நாளைக் காலை, சங்கு ஊதுமுன், துறைமுக வாசல் டீக்கடைக்கு அத்தையோடு போகிறேன். மாமாவோடு வேலை செய்தவர்கள் அங்கேதான் டீ குடிப்பார்கள். கேட்கவேண்டியதை எழுதிப் பார்த்தேன்: 'அன்னிக்கி அவரு உங்ககூட வேலை செஞ்சாரா, இல்லியா?' தொடக்கத்திலேயே இரண்டு 'அ' வந்துவிட்டதே என்று மனசு ஒரு கணம் துள்ளியது. சீ! கிழித்துப் போட்டேன்.

மனுவையும் பேனாவையும் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நிற்பேன். கேள்வியை அத்தையே கேட்கட்டும்.