நாங்கள் பூட்டினோம், அவர்கள் திறந்து வைத்திருந்தார்கள்

திண்டுக்கல்லில் அந்தப் பெரிய சூப்பர் மார்க்கெட் இரண்டாவது கிளை திறப்பதை எதிர்த்து இன்று முழுக் கடையடைப்பு. என் மளிகைக் கடைக்கும் பூட்டுதான்.

போன வாரக் கூட்டத்திலேயே சுமைதூக்கும் தொழிலாளர் சங்கத்து ராசு கேட்டார்: "ஏண்ணே, நம்ம கடைய நாமளே பூட்டுனா சனம் எங்கிட்டுப் போகும்? அவங்க மொதக் கடை தொறந்துதான இருக்கும். அது வாசல்ல போயி உக்காருவோம்ணே."

எங்கள் வியாபாரிகள் சங்கச் செயலாளர் மைக்கை விடவில்லை. "உனக்கு இதெல்லாம் வெளங்காது அப்பு. இது அடையாளப் போராட்டம்."

இன்று பேருந்து நிலையம் முன்னால் கோஷம் போட்டுவிட்டுத் திரும்பினால், எதிரே என் கடையில் வாடிக்கையாக வாங்கும் செல்வி அக்கா. இரண்டு கையிலும் சூப்பர் மார்க்கெட் பை.

"நீங்க பூட்டிட்டீங்க. வெஞ்சனத்துக்குப் பருப்பு வேணும்ல தம்பி? அங்கன அம்புட்டுக் கூட்டம். உள்ள நொழைய முடியல."

சாயங்காலம் சங்க வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் எழுதுகிறார்: "கடையடைப்பு மாபெரும் வெற்றி." அடுத்த வாரம் இரண்டு நாள் அடைப்பாம்.

அவருக்கு ஒரு சால்வை போர்த்தலாம் என்றிருக்கிறேன். அதை வாங்க ஊரில் இன்று ஒரே ஒரு கடைதான் திறந்திருக்கிறது. கூட யார் வருகிறீர்கள்?