நடுவில் இருந்த ஜாம்

எண்பதுகளில், கல்முனைக்குடியில் எங்கள் பக்கத்து வீட்டு ராத்தா குவைத்திலிருந்து திரும்பி வந்தார். நாலு வருடம் அங்கே ஒரு வீட்டில் பிள்ளை பார்த்திருந்தார். மெலிந்த உடம்பு, விரல்களில் சூட்டுத் தழும்பு. எதையும் ஊதி ஆற்றாமல் யாருக்கும் கொடுக்கமாட்டார்.

ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு மஃபின் சுட்டார். வீட்டில் கேக் சுடும் போறணை இல்லை. சட்டியில் மணல் பரப்பி, மூடியின் மேலேயும் தணல் போட்டிருந்தார். தகரக் கிண்ணங்களில் ஊற்றிய மாவின் நடுவே, அங்கிருந்து கொண்டுவந்த ஸ்ட்ரோபெரி ஜாம்.

வெந்ததும் முதலாவதைப் பிளந்தார். ஜாமை வழித்துப் பீரிசுத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, மிச்சத்தை ஊதி ஊதித் தன் ஏழு வயது மகளிடம் நீட்டினார். பிள்ளையின் கண் பீரிசிலேயே இருந்தது.

"என்ன ராத்தா, ருசியானத எடுத்துட்டுக் குடுக்கிறீங்க?" என்றேன்.

"அவனுக்கு இது புடிக்காதே" என்றவர் அப்படியே நின்றுவிட்டார். அங்கே அவர் வளர்த்தது ஒரு ஆண்பிள்ளையை.

பிறகு மகளிடம், வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேட்பதுபோலக் கேட்டார்: "உங்களுக்கு இது விருப்பமா மகள்?"

"தெரியாது உம்மா. நான் இன்னும் தின்னல்லயே."

பீரிசில் இருந்த ஜாம் முழுவதையும் தன் விரலாலேயே ஊட்டினார். பிள்ளை விரலையும் சேர்த்துச் சூப்பியது.

அதன் பிறகு பிளந்த மஃபின்கள் எதிலும் அவர் ஜாமைத் தொடவில்லை. கடைசி மஃபினில் மட்டும் வழித்து எடுத்தார். ஊதி ஆற்றி, தனியாக மூடி வைத்தார். அது யாருக்கென்று நானும் கேட்கவில்லை, அந்தப் பிள்ளையும் கேட்கவில்லை.