தம்பி கிடந்த செடி

மஸ்கெலியாவுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள் ‘ஆகா, என்ன அழகு!’ என்பார்கள். அழகுதான். ஓர் ஆடி மாதம் லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், வந்து குடியிருந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும். விறகு காயாது, துணி காயாது, அட்டை கடித்த புண்ணும் காயாது. அப்படியோர் ஆடியில்தான் என் தம்பி பிறந்து, பேர் வைப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தான்.

லயத்துக்கு மேலே, தேயிலை மலையில் அப்பா அவனைப் புதைத்தார். பச்சைப் பிள்ளைகளை அங்கே ஏதாவது ஒரு செடியடியில் வைப்பதுதான் எங்கள் வழக்கம். கல் நட முடியாது. அது துரையின் மலை. உயிரோடு இருக்கிற எங்களுக்கே இந்த நாட்டில் குடியுரிமை இல்லை என்று சட்டம் வந்திருந்த காலம். செத்த பிள்ளைக்கு இடம் கேட்க வாய் வருமா? செடிதான் அடையாளம்.

மறுநாள் அப்பா அம்மாவைக் கூட்டிப்போய் அதைக் காட்டினார். எழுத்து வாசனை அறியாத அம்மா அந்தச் செடியை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தாள். தண்டில் ஒரு பக்கம் மட்டும் பாசி ஏறியிருக்கும். கீழ்க்கிளை முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒருமுறை அதற்குள் கொண்டைக்குருவி கூடு கட்டியது.

“குஞ்சு பொரிச்சிருக்கு புள்ள” என்று சோறு தின்னும்போது என்னிடம் சொல்லிச் சிரித்தாள். தம்பி போனபிறகு அவள் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கல்லுப்போல நான் ஒருத்தி இருக்க, குருவிக்குஞ்சுக்குச் சிரிக்கிறாளே!

பிறகு அந்த மலைக்குக் கவ்வாத்து வந்தது. சில வருடங்களுக்கு ஒருமுறை செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். இலையும் இருக்காது, கிளையும் இருக்காது, பாசியைக்கூடச் சுரண்டிவிடுவார்கள். மலை முழுக்க ஒரே மாதிரி மொட்டைக் கட்டைகள். அப்பாவும் கவ்வாத்து வெட்டுகிறவர்தான். அவரிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத அம்மா அன்று கேட்டாள்.

“அந்தச் செடியில மட்டும் ஒத்தக் கெளைய விட்டுருங்க. மறுபடி தழையுற வரைக்கும் எனக்கு எடம் தெரியணும்.”

“விட்டுர்றேன். நீ அழுவாத.”

சொன்னபடியே செய்தார். கங்காணியிடம் கெஞ்சி அந்தச் செடி நின்ற நிரையைத் தன் பங்காக வாங்கி, ஒரு கிளையை நிறுத்திவிட்டு மேலே ஏறிப் போனார். வேலையைச் சரிபார்த்துக்கொண்டு பின்னால் வந்த கங்காணி, அது கத்திக்குத் தப்பிய கிளை என்று நினைத்துவிட்டார். துரை கண்ணில் பட்டால் அப்பாவுக்கு அன்றைக்குப் பாதிக் கூலிதான். நல்ல மனுஷன், தானே அதை வெட்டிவிட்டுப் போனார்.

சாயந்தரம் இறங்கிவந்த அப்பா அந்தக் கிளையைக் காணாமல் கங்காணியிடம் ஓடினார்.

“நான்தான் வெட்டுனேன். தொரை பாத்தா சும்மா விடுவாரா?”

“எந்தச் செடிண்ணே?”

“வர்ற வழியில எத்தனையோ பேரு விட்டத வெட்டிக்கிட்டு வந்தேன். எதுன்னு சொல்ல?”

அப்பாவுக்கு முகம் செத்துப்போனது. நிரை தெரியும், அதில் எந்தக் கட்டை என்றுதான் தெரியவில்லை. கங்காணியைத் திட்டவும் முடியவில்லை. நல்லது செய்தவரை என்னவென்று திட்டுவது?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மலை ஏறினார். பனி கீழேயிருந்து எங்கள் பின்னாலேயே வந்தது. அப்பா ஒரு கட்டையருகே நின்றார், நகர்ந்தார், இன்னொன்றருகே நின்றார். கடைசியில் ஒன்றைக் காட்டி, “இதுதான்” என்றார் சத்தமாக. அம்மா குந்தி, மண்ணில் கையை வைத்துப் பார்த்தாள். அப்புறம் சூடம் கொளுத்திக் கும்பிட்டாள். அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

இறங்கும்போது அப்பா வெகுதூரம் முன்னால் போய்விட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை.

“அதுதானாம்மா?”

“இல்லடி. அந்த அடியில ஒரே கல்லு. நம்ம புள்ளைய வச்ச எடம் மெத்துன்னு இருக்கும். நான் தொட்டுப் பாத்திருக்கேன்.”

“அப்ப தம்பி எங்கம்மா?”

அம்மா திரும்பிப் பார்த்தாள். மலையைப் பனி மூடியிருந்தது.

“தெரியல. அப்பாகிட்ட சொல்லிராத. அவருக்காச்சும் ஒரு எடம் இருக்கட்டும்.”