படகுத்துறையில் நின்ற அக்கா

மகள் போனில் ஜப்பான் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா இந்தப் பொண்ணு, சும்மாவே நிக்கிறா!" என்றாள். எனக்கோ டீசல் வாடையோடு எங்கள் தீவின் பாம்பூஃப்ளாட் படகுத்துறை கண்முன் வந்துவிட்டது.

எதற்கும் தலையாட்டுகிற என் அக்காவின் படிப்பை நிறுத்தி, மெயின்லேண்டில் சித்தப்பா வீட்டுக்குக் கப்பலேற்ற அப்பா கிளம்பிய நாள் அது. அப்பாவும் நானும் பெட்டியோடு, கப்பல் நிற்கும் எதிர்க்கரைக்குப் போகும் ஃபெர்ரியில் ஏறிவிட்டோம். அக்கா ஏறவில்லை.

"ஏறுடி! ஜல்தி!" என்று அப்பா கத்தினார். சங்கு ஊதியது. நடுவில் கறுப்புத் தண்ணீர் அகல அகல, நான் அலறினேன்.

எதிர்க்கரையிலுள்ள சாத்தம் துறை வரை போய் அதே ஃபெர்ரியில் திரும்பினோம். அக்கா அங்கேயே நின்றிருந்தாள்.

"படிக்கணும்ப்பா." குரல் நடுங்கியது.

அடி விழப்போகிறதென்று கண்ணை மூடிக்கொண்டேன். பெட்டியைத் தரையில் வைக்கும் சத்தம்தான் கேட்டது.

"அவ சும்மா நிக்கலடி," என்றேன் மகளிடம். "பயந்துக்கிட்டே நிக்கிறா."